நழுவிய முள்ளெலும்பின் வரலாறு

நடுவயதுள்ள ஒருவருக்கு இடுப்பிலே வலி. பல நாள் தைலம் தேய்த்தும் ஒற்றடமிட்டும் தீராமையால் அவர் மருத்துவரை நாடுகிறார். எக்ஸ்ரே படம் எடுக்கப்படுகிறது. படத்தோடு வந்த தாளில், இடுப்பின் ஐந்தாவது முள்ளெலும்பு முன்னோக்கி நழுவியிருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. அன்று முதல் அவருடைய வாழ்க்கை வேறாகிவிடுகிறது. குனிய அஞ்சுகிறார், பேரக்குழந்தையைத் தூக்க அஞ்சுகிறார், பலமாகத் தும்மினாலும் எலும்பு இன்னும் சற்று நகர்ந்துவிடுமோ என்று நடுங்குகிறார். வலி அவரைப் படுக்கவைத்ததைக் காட்டிலும், 'நழுவல்' என்ற சொல்லே அவரை அதிகமாகப் படுக்கவைத்துவிடுகிறது.

இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. இதை முதலில் வழங்கியவர்கள் முதுகுவலிக்கு மருந்து தேடியவர்கள் அல்லர். பிரசவ அறையில் தாயும் சேயும் மாள்வதைக் கண்டு காரணம் தேடியவர்கள். பின்னர் இந்த ஆராய்ச்சி பிணங்களை அறுத்துப் பார்க்கும் மேடைக்குச் சென்றது. அங்கிருந்து எக்ஸ்ரே அறைக்கும் அறுவைக் கூடத்துக்கும் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் மனிதர் அதன் ஒரு பக்கத்தையே கண்டனர். இவ்வரலாற்றை அறிந்தவருக்கு அச்சத்தில் பெரும்பகுதி நீங்கும்; எஞ்சிய சிறுபகுதி எப்போது நியாயமானது என்பதும் விளங்கும்.

முதலில் முதுகெலும்பின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆக 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குக் கீழே, ஐந்து எலும்புகள் ஒன்றாய் இறுகி உருவான முக்கோண எலும்பு, இடுப்புக்கூட்டின் பின்சுவராக அமைந்து முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. முன்புறம் மத்தளம் போன்று திரண்ட உடல். பின்புறம் நரம்புகளைச் சூழ்ந்து காக்கும் வளையம். உடலின் வேலை பாரம் சுமப்பது. வளையத்திலுள்ள சிறு மூட்டுகளின் வேலை, ஓர் எலும்பு மற்றோர் எலும்பின்மீது சறுக்கிவிடாதபடி கொக்கிபோல் மாட்டிக்கொண்டு நிற்பது. மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவே அவ்வளையம் மிகவும் ஒடுங்கியிருக்கும். அப்பகுதியை நாம் 'இடைக்கழுத்து' என்று அழைப்போம்.

முக்கோண எலும்பின் மேற்பரப்பு சமதரையாக இராமல் முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. ஆதலால் அதன்மேல் அமர்ந்த ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பு, சரிவில் வைத்த சுமைபோல் எப்போதும் முன்னே வழுக்க முற்படுகிறது. பின்புறத்துக் கொக்கிகளே அதை இழுத்துப் பிடிக்கின்றன. இருபக்கத்து இடைக்கழுத்தும் அற்றுப்போகுமாயின், வளையத்தின் பின்பாகம் தன் இடத்திலேயே நிற்க, எலும்பின் உடல் தன்மேலுள்ள முதுகெலும்பு முழுவதையும் ஏந்திக்கொண்டு மெல்ல முன்னே நகரக்கூடும். இதுவே முள்ளெலும்பு நழுவலின் முதன்மையான வகை. சொல்வதற்கு எளிதாயிருக்கும் இவ்வுண்மையைக் கண்டறிய மனிதருக்கு மிக நீண்ட காலம் பிடித்தது.

பண்டைய மருத்துவர்கள் முதுகெலும்பைப் பற்றி அறியாதவர்கள் அல்லர். நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை எலும்பு முறிவை 12 வகையாகவும், மூட்டு நழுவலை 6 வகையாகவும் பிரித்துக் கூறுகிறது. முறிந்த உறுப்பு அசையாதிருக்க நோயாளியைப் பலகையிற் கிடத்தி, முளைகள் அடித்துக் கட்டிவைக்கும் முறையையும் விவரிக்கிறது. கிரேக்க நாட்டில் ஹிப்போகிரேட்டிஸின் பெயரால் வழங்கும் மூட்டுகளைப் பற்றிய நூலொன்று, முதுகு வளைந்தவர்களை மேடையிற் கிடத்திக் கயிற்றால் இருபுறமும் இழுத்து நிமிர்த்தும் முறையைக் கூறுகிறது. நோயாளியை ஏணியோடு கட்டித் தலைகீழாக உலுக்கும் வேறொரு முறையும் அக்காலத்தில் இருந்தது. ஆனால் அந்நூலாசிரியர் அதைக் கூறும்போதே, கூட்டத்தை வாய்பிளக்க வைப்பதற்காகப் போலி வைத்தியர்கள் செய்யும் வேலை அது என்று இகழ்கிறார்.

அதே நூலில் வியப்பான ஒரு கருத்தும் காணப்படுகிறது. முள்ளெலும்பு பின்னே புடைத்தால் கையால் அழுத்திப் பார்க்கலாம். முன்னே நழுவினால் என் செய்வது? வயிற்றைத் திறந்து, உள்ளே கையைச் செலுத்தி, முன்னிருந்து பின்னாகத் தள்ளினாலன்றி அதைச் சரிசெய்ய இயலாது. பிணத்தினிடம் அதைச் செய்யலாமேயன்றி உயிருள்ள மனிதனிடம் செய்தல் அரிது என்பது அவ்வாசிரியரின் கருத்து. மேலும், முதுகின் முள் ஒடிந்ததையே எலும்பு முன்னே நழுவியதாகப் பலர் தவறாக எண்ணிவிடுகின்றனர் என்றும் அவர் எச்சரிக்கிறார். செய்ய இயலாததை இயலாது என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை நாம் நினைவிற் கொள்வோம். சுமார் 2300 ஆண்டுகளுக்குப் பின் அந்த வயிறு உண்மையாகவே திறக்கப்பட்டது.

அதற்கு முன் கதை பிரசவ அறைக்குச் செல்ல வேண்டும். 1782-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டுப் பிரசவ மருத்துவராகிய எர்பினியோ, கடினமான ஒரு பிரசவத்தைப் பற்றி எழுதினார். குழந்தை இறங்கிவர வேண்டிய வழியில், முக்கோண எலும்புக்கு முன்னால், ஓர் எலும்புப் புடைப்பு தடையாக நின்றதை அவர் கண்டார். மருத்துவ நூல்களில் இந்நோயைப் பற்றிய முதற்குறிப்பாக இதையே கொள்வர். எக்ஸ்ரே இல்லாத அக்காலத்தில் மருத்துவரின் கைவிரலே கண்ணாக இருந்தது. இடுப்புக்கூட்டின் வாயில் குறுகிவிட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் நெஞ்சம் துணியாது. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் அறுவையில் அந்நாளில் தாய்மார் பெரும்பாலும் உயிரிழந்தனர். ஆகவே தாயைக் காக்கும் பொருட்டுக் குழந்தையைச் சிதைத்து வெளிக்கொணர்வதும் உண்டு. எலும்பு நழுவல் என்பது அக்காலத்தில் முதுகுவலி அன்று. ஒரு தாயின் உயிரா, ஒரு சேயின் உயிரா என்ற கேள்வி.

1854-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரத்துப் பிரசவ இயல் பேராசிரியர் கிலியன் இந்நோய்க்கு இன்றளவும் வழங்கும் பெயரைச் சூட்டினார். முள்ளெலும்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும், நழுவுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து 'ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்' என்றார். உடலின் பாரம் மேலிருந்து அழுத்த அழுத்த, கடைசி இடுப்பு எலும்பு சிறிது சிறிதாகச் சறுக்கி இடுப்புக்கூட்டினுள் இறங்குகிறது என்பது அவருடைய கருத்து. பெயர் கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை. கொக்கிகள் இருக்கும்போது எலும்பு எவ்வாறு சறுக்க முடியும் என்ற வினா எஞ்சி நின்றது.

விடை தேடும் பணி விரைவாக நடந்தது. 1855-இல் கோப்ளென்ஸ் நகரத்து ராபர்ட் என்பவர் பிணங்களின் முதுகெலும்பை எடுத்துச் சோதனை செய்தார். சுற்றியுள்ள தசைநார்களை அகற்றியும், வளையம் உடையாதிருக்கும்வரை எலும்பு முன்னே நகரவில்லை. வளையத்தை அறுத்தபின்னரே நகர்ந்தது. 1858-இல் பொஹீமிய மருத்துவர் லாம்பிள், நழுவிய எலும்புகளின் இடைக்கழுத்தில் எலும்பு தொடராமல் விடுபட்டிருப்பதைக் கண்டு கூறினார். குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரி இன்றும் இந்த லாம்பிளின் பெயரைத் தாங்கி நிற்கிறது; முதுகெலும்பில் அவர் கண்டதைப் பலர் அறியார். 1880-களில் போலந்தின் வார்சா நகரத்து நாய்கபவர், அருங்காட்சியகங்களில் இருந்த இத்தகைய எலும்புகளைப் பொறுமையாக ஆராய்ந்து, மற்றோர் உண்மையையும் சேர்த்தார். இடைக்கழுத்து அறவே ஒடியாமல், இழுபட்டு நீண்டு மெலிவதாலும் எலும்பு முன்னே நகரலாம் என்பதே அது.

இவ்வளவும் இறந்தோரின் எலும்புகளிலிருந்து கற்ற பாடம். உயிருள்ளவரின் எலும்பைக் காண 1895 நவம்பர் 8-ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். ஆயினும் இடுப்புப் பகுதியின் தடித்த சதையை ஊடுருவிப் பக்கவாட்டில் தெளிவான படம் எடுப்பது முதலில் எளிதாயிருக்கவில்லை. கருவிகள் வலுவடைந்த பின்னரே அது வழக்கமாயிற்று. 1932-இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மேயர்டிங், கீழெலும்பின் மேற்பரப்பை நான்கு சம பாகங்களாகப் பிரித்து, மேலெலும்பு எத்தனை பாகம் முன்னே வந்துள்ளது என்பதைக் கொண்டு நழுவலை நான்கு படிகளாக வகுத்தார். கால் பங்கிற்குட்பட்டது முதற்படி, அரைப் பங்குவரை இரண்டாம் படி, இவ்வாறே மற்றவை. இன்றும் மருத்துவ அறிக்கைகளில் காணப்படும் படி எண் அவர் வகுத்ததே.

படம் சாய்வாக எடுக்கப்பட்டால் வளையத்தின் நிழல் ஒரு சிறு நாயின் உருவம்போல் தோன்றும் என்றும், இடைக்கழுத்து ஒடிந்திருந்தால் அந்நாய் கழுத்துப்பட்டை அணிந்ததுபோல் காணும் என்றும் மாணவர்களுக்குக் கற்பிப்பது வழக்கம். எக்ஸ்ரேயின் வரவால் நோயறியும் ஆற்றல் பெருகியது. அதனோடு ஒரு மயக்கமும் பிறந்தது. இடுப்பு வலியோடு வந்தவரின் படத்தில் நழுவல் தென்பட்டால், வலிக்குக் காரணம் அதுவே என்று கருதப்பட்டது. வலியே இல்லாதவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார் எவருமில்லை. ஆதலால் நழுவிய எலும்போடு நலமாக உலாவுபவர்கள் எத்தனை பேர் என்பது எவருக்கும் தெரியவில்லை.

இனி அந்த ஒடிவு எவ்வாறு ஏற்படுகிறது என்ற கேள்வி. பிறவியிலேயே எலும்பு பொருந்தாமற் போவதுதான் காரணம் எனப் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1953-இல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் அவ்வெண்ணத்தை அசைத்தன. ரோ, ரோச் என்னும் இருவர், பிறந்த உடனும் பிறக்குமுன்னும் இறந்த குழவிகளின் முதுகெலும்புகளை ஆராய்ந்தனர். ஒன்றிலும் இக்குறை இல்லை. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் என்னும் மானிடவியலார், அலாஸ்காவின் பழங்குடி மக்களுடைய எலும்புக்கூடுகளில் கால்வாசிக்கும் மேற்பட்டவற்றில் இக்குறை இருப்பதையும், அது வயதோடு மிகுவதையும் காட்டினார். பிறவிக் குறையாயின் வயதோடு ஏன் மிக வேண்டும்? 1981-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, வாழ்நாளில் ஒருபோதும் எழுந்து நடந்தறியாத 143 நோயாளிகளைப் படமெடுத்துப் பார்த்தது. ஒருவரிடத்தும் இவ்வொடிவு காணப்படவில்லை.

ஆகவே இது பெரும்பாலும் ஒரே அடியில் ஒடியும் ஒடிவன்று. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அற்றுப்போவதுபோல், திரும்பத் திரும்ப வரும் விசையால் விளைவது. சில குடும்பங்களில் மிகுந்து காணப்படுவதால் பரம்பரையும் இதற்குத் துணைசெய்கிறது. நிமிர்ந்து நிற்பதற்காக மனித இனம் கொடுக்கும் விலைகளில் ஒன்று இது என்று கூறலாம். இதன் விளக்கத்தைக் கிரிக்கெட் மைதானத்திலேயே காணலாம். வேகப்பந்து வீசுபவர், முதுகைப் பின்னே வளைத்துப் பக்கவாட்டிலும் சாய்த்து, முன்காலை ஓங்கி ஊன்றும் நொடியில், இடைக்கழுத்தின்மீது பெரும் விசை பாய்கிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்து எலும்பில் ஒடிவு காண்பது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973-இல் இத்தகைய ஒடிவினால் ஆட்டத்தை விட்டு விலகினார். பல மாத ஓய்வும் பயிற்சியும் பெற்று, 1974-75 பருவத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் வீசினார். நம் நாட்டின் ஜஸ்ப்ரீத் பும்ராவுக்கும் 2019-இல் இடுப்புப் பகுதியில் சிறு அழுத்த முறிவு ஏற்பட்டது. அவரும் ஆட்டத்துக்குத் திரும்பினார். ஒடிவு ஏற்பட்டவர் எல்லாருக்கும் எலும்பு நழுவுவதில்லை. ஒடிந்தவருடைய வாழ்வு முடங்குவதும் இல்லை.

இளமையில் தோன்றும் இவ்வகையேயன்றி, முதுமையில் தோன்றும் வேறொரு வகையும் உண்டு. 1930-இல் ஜெர்மானிய மருத்துவர் யூங்ஹான்ஸ், வளையம் உடையாமலே நழுவிய முள்ளெலும்புகளை விவரித்தார்; இதனைப் 'போலி நழுவல்' என்றனர். 1950-இல் மக்னாப் இதை மேலும் விளக்கினார். 1963-இல் நியூமன் இதை எலும்புத் தேய்வினால் வரும் நழுவல் என்று வகைப்படுத்தினார். முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோலுள்ள வட்டு தேய்ந்து, சிறு மூட்டுகள் வாதத்தால் உருக்குலைந்து, கொக்கிகள் தளர்ந்துவிடுகின்றன. நான்காம் இடுப்பு முள்ளெலும்பே இதில் பெரும்பாலும் நகர்கிறது. ஐம்பதைக் கடந்த பெண்களிடத்தில் இது மிகுதி. வளையமும் எலும்போடு சேர்ந்து நகர்வதால் உள்ளேயுள்ள நரம்புகள் நெருக்குண்கின்றன. சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து மரத்துப் போவதும், சற்றே குனிந்து நின்றாலோ உட்கார்ந்தாலோ தெளிவதும் இதன் அடையாளம். நரம்புப் பாதை குறுகுவதால் வரும் இந்நிலையை 1954-இல் டச்சு மருத்துவர் வெர்பீஸ்ட் தெளிவாக எடுத்துரைத்தார்.

சிகிச்சையின் கதைக்கு வருவோம். தொடக்கத்தில் படுக்கையும், சுண்ணாம்புக் கட்டும், இடுப்புப் பட்டையுமே கைகண்டவை. 1911-இல் நியூயார்க் நகரத்து ஹிப்ஸும், அல்பீயும் தனித்தனியே முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் அறுவையைச் செய்தனர். அவர்கள் கருதியது நழுவலை அன்று. முதுகெலும்பைத் தாக்கும் காசநோயை. அரிபட்ட எலும்பு மேலும் சரியாமல் நிற்க வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் இவ்வறுவை நழுவலுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1932-இல் இங்கிலாந்தின் கேப்பனர், முன்புறத்திலிருந்து எலும்பை முக்கோண எலும்போடு இணைப்பதே கருத்தளவில் சிறந்தது, ஆனால் செய்வது மிக அரிது என்று எழுதினார். மறு ஆண்டே, 1933-இல், லண்டன் மருத்துவர் பர்ன்ஸ் ஒரு 14 வயதுச் சிறுவனின் வயிற்றைத் திறந்து, அவனுடைய கணைக்காலிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை, ஐந்தாம் முள்ளெலும்பின் வழியாக முக்கோண எலும்பினுள் அறைந்து நிறுத்தினார். பண்டைய கிரேக்கர் பிணத்தினிடமே செய்யலாம் என்றது, மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் கைவந்தபின், உயிருள்ள சிறுவனிடத்தில் நிறைவேறியது.

அதன்பின் அறுவை முறைகள் பெருகின. 1955-இல் கில் முதலியோர், தளர்ந்து ஆடும் வளையத்தின் பின்பாகத்தை நீக்கி நரம்புகளை விடுவிக்கும் முறையை வெளியிட்டனர். பாரிஸ் நகரத்து ராய்-கமீல் 1963 முதல், வளையத்தை உடலோடு சேர்க்கும் தண்டின் வழியாகத் திருகாணிகளைச் செலுத்தித் தகட்டால் பிணைக்கும் முறையைக் கையாண்டார். திருகாணி கிடைத்ததும், நழுவிய எலும்பைப் பின்னே இழுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாமே என்ற ஆசை வலுத்தது. பெரிதும் நழுவியவர்களிடத்தில் அவ்வாறு முழுவதும் இழுத்தபோது, பல ஆண்டுகளாக அந்த நிலைக்குப் பழகிச் சுருங்கியிருந்த நரம்பு வேர் இழுபட்டு, சிலருக்குப் பாதம் தொங்கிவிட்டது. எலும்பை இருந்த இடத்திலேயே ஒட்டவைத்தவர்கள் பலர் நலமாக வாழ்ந்தனர். படத்தை நேராக்குவதும் மனிதரை நலமாக்குவதும் ஒன்றல்ல என்பதை மருத்துவ உலகம் இவ்வாறு கற்றது.

இப்பாடத்தை வேறொரு நோயின் வாயிலாக நம் நாடும் எடுத்துரைத்தது. எலும்புகளை ஒட்டவைக்கும் அறுவை காசநோய்க்காகப் பிறந்தது என்றோம். காசத்துக்கு மருந்துகள் வந்த பின்னரும், முதுகெலும்புக் காசத்துக்குப் பெரிய அறுவை செய்ய வேண்டும் என்ற கொள்கை மேலோங்கியிருந்தது. காசியில் உள்ள இந்து பல்கலைக்கழகத்தின் டாக்டர் துலி, முதலில் மருந்தும் ஓய்வும் கொடுத்து, அவற்றால் தேறாதவர்க்கும் நரம்பு பாதிக்கப்பட்டுத் தேறாதவர்க்குமே அறுவை செய்யும் முறையைக் கையாண்டு, அதன் பலன்களை 1975-இல் வெளியிட்டார். அதற்கு அவர் 'நடுவழி' என்று பெயரிட்டார். அறுவையை மறுப்பதும் இல்லை, அறுவைக்கு விரைவதும் இல்லை. யாருக்கு, எப்போது என்று நின்று கேட்பதே அவ்வழி.

நழுவலுக்கும் அக்கேள்வி கேட்கப்பட்டது. அமெரிக்காவில் முதல் வகுப்பில் சேர்ந்த 500 குழந்தைகளைப் படமெடுத்து, ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஓர் ஆராய்ச்சி 1984-இல் வெளிவந்தது. ஆறு வயதில் நூற்றுக்கு 4.4 பேரிடம் இருந்த இடைக்கழுத்துக் குறை, வளர்ந்தபோது நூற்றுக்கு 6 பேரிடம் காணப்பட்டது. 45 ஆண்டுகள் தொடர்ந்தபின் 2003-இல் அதன் முடிவுகள் வெளியாயின. ஒருபக்கம் மட்டும் ஒடிந்தவர்களில் ஒருவருக்கும் எலும்பு நழுவவில்லை. நழுவியவர்களிலும் வயது ஏற ஏற நழுவல் மந்தப்பட்டது. நழுவல் வளர்ந்ததற்கும் முதுகுவலிக்கும் தொடர்பு காணப்படவில்லை. அவர்கள் பட்ட முதுகுவலி, ஏனைய பொதுமக்கள் படுகின்ற முதுகுவலியைப் போன்றே இருந்தது. எக்ஸ்ரே வந்த நாள்முதல் தெரியாதிருந்த கணக்கு இவ்வாறு தெரியவந்தது.

முதுமை நழுவலுக்கு அறுவை செய்வதிலும் அண்மையில் தெளிவு பிறந்துள்ளது. நரம்பை நெருக்கும் எலும்பை மட்டும் நீக்கினால் போதுமா, திருகாணியிட்டு ஒட்டவும் வேண்டுமா என்பது கேள்வி. 2016-இல் சுவீடனிலிருந்து 247 நோயாளிகளைக் கொண்ட ஆராய்ச்சி வந்தது; ஒட்டவைப்பதால் மிகுதியான பலன் இல்லை என்றது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 66 பேரைக் கொண்ட சிறிய ஆராய்ச்சி, ஒட்டவைத்தவர்க்குச் சிறிது மேன்மையும், மீண்டும் அறுவை செய்யும் தேவை குறைவும் உண்டென்றது. 2021-இல் நார்வேயில் 267 பேரைக் கொண்ட ஆராய்ச்சியில், நரம்பை மட்டும் விடுவித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேரும், ஒட்டவும் செய்தவர்களில் 73 பேரும் நற்பலன் பெற்றனர். வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. அறுவையே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் தவறு. நரம்பு நெருக்குண்டு நடக்க இயலாமல் வருந்துவோர்க்கு அறுவையால் பெரும் நன்மை விளைவதையும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. செய்ய வேண்டியதை மட்டும் செய்வது என்பதே நாம் கொள்ளத்தக்க முடிவு.

அறுவையின்றித் தேறுவோரே பெரும்பாலோர். வளரும் பருவத்தில் விளையாடும் பிள்ளைக்கு இடுப்பு வலி நீடித்தால், தொடக்கத்திலேயே கண்டு, சில மாதங்கள் ஆட்டத்தை நிறுத்தினால் ஒடிவு தானே கூடவும் இடமுண்டு. வளர்ந்தவர்க்கு, முதுகையும் வயிற்றையும் தாங்கும் ஆழ்ந்த தசைகளுக்குப் பயிற்சி அளிப்பது நன்மை தரும். 1997-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 10 வாரம் இத்தகைய பயிற்சி செய்தவர்களின் வலி குறைந்தது. அந்நன்மை 30 மாதங்களுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. நெடுநாள் படுக்கையிற் கிடப்பதோ தசைகளை மெலியச் செய்து, துன்பத்தை வளர்க்கும். நழுவிய எலும்பைப் பிடித்துவிட்டு ஏற்றுவதாகச் சொல்லி முதுகை முறுக்குவோரிடம் உடலை ஒப்படைத்தலும் ஆகாது. எலும்பு கையால் ஏறுவதில்லை. நரம்புக்கு ஊறு விளையலாம்.

அச்சம் நியாயமானது எப்போது என்பதையும் கூறிவிடுதல் கடமை. சிறுநீர் அடைபட்டாலும், மலசலம் தம்மை அறியாமல் கழிந்தாலும், இருக்கையில் படும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து பாதம் தொங்கினாலும், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோ, காரணமின்றி உடல் மெலிதலோ முதுகுவலியோடு சேர்ந்து வந்தால், அது காசம் முதலிய வேறு நோயின் அறிகுறியாகலாம். அதையும் விரைந்து ஆராய வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு நழுவல் காணப்பட்டால், வளர்ச்சி முடியும்வரை அவ்வப்போது படமெடுத்து நோக்குவது நலம்.

நேயர்களே, தொடக்கத்தில் நாம் கண்ட அந்த நடுவயதினரிடம் மீண்டும் செல்வோம். 'நழுவல்' என்ற சொல் அவரை நடுங்கச் செய்தது. ஆனால் அச்சொல் பிறந்தது, இடுப்புக்கூட்டினுள் இறங்கித் தாய்மாரின் உயிரைக் குடித்த பெரிய நழுவலுக்காக. அவருடைய படத்தில் இருப்பதோ, முதற்படியில், ஒருவேளை அவருடைய பள்ளிப் பருவத்திலேயே ஏற்பட்டு, அவரோடு ஓடியும் ஆடியும் மூட்டை சுமந்தும் வாழ்ந்த ஒரு சிறு பெயர்ச்சி. அது நேற்று வந்ததன்று. தும்மினால் நாளை பெருகுவதும் அன்று. அவர் தம் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்வி, "எலும்பு எவ்வளவு நழுவியிருக்கிறது?" என்பதன்று. "என் வலிக்கு இதுதான் காரணமா? நரம்பு நெருக்குண்டிருக்கிறதா? நான் எழுந்து நடப்பதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்பவையே. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் பிரசவ அறையிலும் பிணமேடையிலும் அறுவைக் கூடத்திலும் கற்றுக்கொண்டது, இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் திறமையை. அவ்விடையைப் பெற்றபின் அவர் பேரக்குழந்தையை அச்சமின்றித் தூக்கலாம்.